கர்ணம் போனார், சர்வர் வந்தது

கணினித் தொழிலைப் பற்றி இலக்கிய வாசகர்கள் கூடும் இடத்தில் எழுதுவதற்குக் காரணம் ஒன்று வேண்டும். நான் சொல்ல வருவது கருவிகளைப் பற்றியது போலத் தோன்றினாலும் உண்மையில் அது உரைநடையைப் பற்றியது என்பதே என் காரணம். ஓர் அலுவலகத்தின் சர்வர் எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்பதை, அங்கே வேலை செய்பவர் படித்துப் புரிந்துகொள்ளும் தமிழில் ஒரு பக்கம் எழுதி வைப்பது, அந்தச் சர்வரை அமைப்பதைவிட முக்கியமான வேலை என்பது என் கட்சி. அந்த ஒரு பக்கம் எழுதப்படாததால் எங்கள் பக்கத்தில் என்ன நடக்கிறது என்பதையும், அது ஏன் தமிழில் எழுதுகிறவர்களின் கவலையாகவும் இருக்கவேண்டும் என்பதையும் சொல்லிப் பார்க்கிறேன்.

சர்வருக்கு 'வழங்கி' என்றொரு நல்ல சொல் இணையத் தமிழில் உண்டு. ஆனால் சங்ககிரி லாரி ஆபீஸில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. அங்கே அது சர்வர்தான். இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

*

எங்கள் சமவெளியை அறியாதவர்களுக்குச் சில வரிகள். சேலத்தைச் சுற்றி ஜவ்வரிசி ஆலைகள், நாமக்கல்லில் கோழிப்பண்ணைகளும் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகளும், சங்ககிரியில் லாரி ஆபீஸ்கள், திருச்செங்கோட்டில் ரிக் வண்டிகள். இந்தியாவின் எந்த மூலையில் ஆழ்துளைக் கிணறு தோண்டினாலும் அந்த வண்டி திருச்செங்கோட்டுக்காரருடையதாக இருக்க நல்ல வாய்ப்பிருக்கிறது. இவையெல்லாம் தூரத்தில் நடக்கும் வேலையை ஊரில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் தொழில்கள். லாரி அஸ்ஸாமில் நிற்கும். ரிக் மத்தியப் பிரதேசத்தில் அடி இறக்கிக்கொண்டிருக்கும். டீசலுக்கு எவ்வளவு, டிரைவர் பேட்டா எவ்வளவு, கேசிங் பைப் எத்தனை அடி என்ற கணக்கு இங்கே ஒரு மேசையில் எழுதப்படும்.

அந்த மேசைக்குக் கணினி வந்தது பலருக்கு விருப்பத்தால் அல்ல, கட்டாயத்தால். 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தது. 2018 ஏப்ரல் 1 முதல் மாநிலம் தாண்டிச் செல்லும், 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு மின்வழிச் சீட்டு கட்டாயமானது. 2021 பிப்ரவரியில் சுங்கச்சாவடிகளில் ஃபாஸ்டேக் கட்டாயமானது. இணையம் இல்லாமல் ஒரு லோடு நகராது என்றாயிற்று. அதுவரை நீள நோட்டிலும் டேலியிலும் ஓடிய அலுவலகங்கள், தங்கள் பழக்கத்துக்கேற்ப எழுதப்பட்ட சிறு மென்பொருள்களைத் தேடின. உள்ளூர்ப் பொறியியல் கல்லூரியில் படித்து முடித்த பையன்கள் எழுதிக் கொடுத்தார்கள். அபாச்சி, மைஎஸ்க்யூஎல், பி.எச்.பி. மூன்றையும் ஒரு பழைய கணினியில் ஏற்றி, அதைச் சாமி படத்துக்குக் கீழே ஒரு மூலையில் வைத்து, ஆபீஸிலுள்ள நான்கு மேசைகளுக்கும் கம்பி இழுத்தால் சர்வர் தயார். இதில் கேலிக்கு ஒன்றுமில்லை. இவை நன்றாகவே வேலை செய்தன. பெருநகர நிறுவனங்கள் எழுதிய விலையுயர்ந்த மென்பொருள்களில் டிரிப் ஷீட் என்ற ஒன்றே இருக்காது. இவற்றில் டிரிப் ஷீட்டும் இருந்தது, கிளீனர் வாங்கிய முன்பணத்துக்கும் ஒரு கட்டம் இருந்தது.

குறை வேறோர் இடத்தில் இருக்கிறது. அந்தச் சர்வர் எப்படி எழும், எதை நம்பி நிற்கிறது, விழுந்தால் எப்படித் தூக்குவது என்பது அந்தப் பையனுக்கு மட்டுமே தெரியும்.

*

மின்சாரத்தை எடுத்துக்கொள்வோம். 2008 முதல் 2013 வரையிலான மின்வெட்டுக் காலத்தைத் தமிழ்நாட்டின் உள்மாவட்டங்களில் வாழ்ந்தவர்கள் மறக்கமாட்டார்கள். 2012ல் சென்னையில் நாளொன்றுக்கு 2 மணி நேரமாக இருந்த வெட்டு, மற்ற மாவட்டங்களில் 10 மணி நேரத்தைத் தாண்டிய நாட்கள் உண்டு. அந்தக் காலத்தில் அமைத்த சர்வர்கள் பலவற்றில் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம் 'மைஐசாம்' என்ற பழைய முறையில் தரவைச் சேமித்தது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் அந்த அட்டவணை சிதைந்துபோகக்கூடும். 2010 டிசம்பரில் வந்த 5.5ஆம் பதிப்பிலிருந்து 'இன்னோடிபி' என்ற முறை இயல்பாக்கப்பட்டது. மின்சாரம் போய் வந்தால் தன் குறிப்பேட்டைப் பார்த்துத் தானே சரிசெய்துகொள்ளும் திறன் அதற்கு உண்டு. கவனியுங்கள், இயந்திரமே எதையும் செய்வதற்கு முன் என்ன செய்யப்போகிறோம் என்று ஒரு குறிப்பு எழுதி வைத்துக்கொள்கிறது. அதை அமைக்கும் மனிதர்கள் எழுதுவதில்லை.

பதிப்பு மாறினாலும் பழைய அட்டவணைகள் தாமாக மாறிவிடா. எந்த ஆபீஸில் எந்த அட்டவணை எந்த முறையில் இருக்கிறது என்பது இன்றும் யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு முறையும் திறந்துதான் பார்க்கவேண்டும். இயங்குதளத்திலும் இதே கதை. சிறு அலுவலகங்களில் விரும்பி ஏற்றப்பட்ட சென்ட்ஓஎஸ் 7க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது 2024 ஜூன் 30 உடன் நின்றுபோனது. தங்கள் சர்வரில் இருப்பது அதுதானா என்று முதலாளிக்கும் தெரியாது, கணக்கெழுதுபவருக்கும் தெரியாது.

சில ஆண்டுகளுக்கு முன் திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு ரிக் ஆபீஸுக்கு அழைத்தார்கள். இரவு மின்சாரம் போய் வந்திருக்கிறது. சர்வரில் விளக்கு எரிகிறது. ஆனால் எந்த மேசையிலும் கணக்கு திறக்கவில்லை. வெளிமாநிலத்தில் மூன்று வண்டிகள். அடிக்கணக்கைப் போனில் சொல்லிவிட்டுப் பில்லுக்காகக் காத்திருக்கிறார்கள். மென்பொருளை எழுதியவரைப் பற்றிக் கேட்டேன். கணக்குப் பார்க்கும் பெண்மணி சொன்னார்:

"அந்தத் தம்பி போன மாசமே கோயமுத்தூர்ல வேலைக்குச் சேந்துட்டாருங்கண்ணா. போன் போட்டா எடுக்கறாருங்க. ஆனா என்ன பண்ணி வெச்சேன்னு எனக்கே ஞாபகம் இல்லீங்கறாரு."

அந்தத் தம்பி பொய் சொல்லவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவில் செய்ததை யார் நினைவு வைத்திருப்பார்கள்? ஒன்றரை நாள் தேடியபின் தெரிந்தது: கணினி எழுந்தாலும் மென்பொருளின் ஒரு பகுதி தானாக எழாது. ஒரே ஒரு கட்டளையைக் கையால் தட்டவேண்டும். ஒன்றரை நாள் வேலை நின்றது ஒரு வரிக்காக. கூடவே இன்னொன்றும் தெரிந்தது. தினமும் நள்ளிரவில் காப்பு நகல் எடுக்கும் ஏற்பாட்டை அவர் பொறுப்பாகவே செய்திருந்தார். நகல் போய்ச் சேரும் வட்டு ஐந்து மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிட்டது. நிரம்பியதும் எச்சரிக்கை அனுப்பவும் ஏற்பாடு இருந்தது. அது போய்க்கொண்டிருந்ததோ அவருடைய சொந்த மின்னஞ்சலுக்கு.

மென்பொருள் உலகில் ஒரு கேள்வி கேட்பார்கள்: உங்கள் குழுவில் எத்தனை பேர் மீது பேருந்து மோதினால் வேலை நின்றுபோகும்? சிலர் பேருந்துக்குப் பதில் லாரி என்பார்கள். எங்கள் ஊருக்கு லாரியே பொருத்தம். பெரும்பாலான அலுவலகங்களில் விடை ஒன்று. மோதவும் வேண்டாம், கோவையில் நல்ல வேலை கிடைத்தாலே போதும்.

*

இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கர்ணம் நினைவுக்கு வருகிறார்.

1792ல் திப்பு சுல்தானுடன் செய்துகொண்ட உடன்படிக்கையின் வழியாகச் சேலமும் பாராமகாலும் கும்பினியின் கைக்கு வந்தன. அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாளராக வந்த தாமஸ் மன்றோவும் இங்கே வயல் வயலாக நிலத்தை அளந்து, ஒவ்வொரு குடியானவருடனும் நேரடியாகத் தீர்வை பேசும் முறைக்கு அடித்தளம் இட்டார்கள். பிற்பாடு சென்னை மாகாணம் முழுவதும் பரவிய ரயத்துவாரி முறை வேர்விட்டது எங்கள் மண்ணில்தான். நேரடி என்பது பெயரளவில்தான். எந்த வயல் யாருடையது, எவ்வளவு விளைந்தது, எவ்வளவு பாக்கி என்பதையெல்லாம் கிராமத்தில் வைத்திருந்தவர் கணக்குப்பிள்ளை, அதாவது கர்ணம். அந்த வேலை தந்தையிடமிருந்து மகனுக்குப் போனது. குடியானவரும் அதிகாரியும் அவரைத் தாண்டி ஒருவரையொருவர் பார்க்க முடியாது. அவருடைய பலம் பணமல்ல. தான் மட்டுமே படிக்கக்கூடிய ஓர் எழுத்துமுறையே அவருடைய பலம். முந்திரி, காணி, மா, வீசம் என்ற பின்னங்களுக்குத் தனிக் குறிகள், நெல்லுக்கும் நிலத்துக்கும் தனிச் சுருக்கங்கள். அதுவும் தமிழ்தான். ஆனால் தமிழ் தெரிந்த உழவருக்கு அது விளங்காது.

1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தின் மூலம் கர்ணம், மணியம் முதலிய பதவிகளை ஒழித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போயிற்று. 1982ல் அரசின் முடிவு செல்லும் என்று தீர்ப்பாயிற்று. கர்ணத்தின் இடத்துக்குக் கிராம நிர்வாக அலுவலர் வந்தார்.

இதில் நான் கவனிக்கச் சொல்வது, கர்ணம் போனபின் என்ன நடந்தது என்பதை. கிராமங்கள் நின்றுவிடவில்லை. அடங்கலும் சிட்டாவும் அ-பதிவேடும் இருந்தன. மாதிரிப் படிவங்கள் இருந்தன. எந்தக் கணக்கை எந்தப் பதிவேட்டில் எழுதுவது என்ற விதி எழுத்தில் இருந்தது. வேறொருவர் வந்து உட்கார்ந்து தொடர முடிந்தது. கர்ணத்தைப் பற்றி எத்தனை குறை சொன்னாலும் அவர் எழுதி வைத்தார். நம் சர்வர்த் தம்பிகள் எழுதி வைப்பதில்லை. கர்ணம் போனார், பதிவேடு நின்றது. தம்பி போனால் ஒன்றும் நிற்பதில்லை. இந்த ஒரு விஷயத்தில் நாம் 1980க்கும் பின்னால் போயிருக்கிறோம்.

*

எழுதுவது ஏன் தமிழில் இருக்கவேண்டும்? இது மொழிப்பற்று சார்ந்த கேள்வி அல்ல. யார் படிக்கப்போகிறார்கள் என்ற கேள்வி. இரவு எட்டு மணிக்குச் சர்வர் நின்றுபோனால் அதன்முன் நிற்கப்போவது கணக்கெழுதும் பெண்மணியோ முதலாளியின் மைத்துனரோதான். அவர்கள் படிக்கும் மொழியில் இருந்தால்தான் அது குறிப்பு.

தமிழில் இருந்துவிட்டால் மட்டும் போதாது என்பதற்கும் கர்ணமே சாட்சி. கலைச்சொல் அகராதியைக் கவிழ்த்துக் கொட்டிய தமிழும் புதிய முந்திரி, மாகாணிதான். 'மீள்தொடக்கம் செய்க' என்பதைவிட 'பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டு இரண்டு நிமிடம் பொறுங்கள்' என்பது நல்ல உரைநடை. எதை முதலில் சொல்வது, எதை விடுவது, படிப்பவருக்கு எது ஏற்கெனவே தெரியும் என்று யோசித்து எழுதுவது எழுத்துக்கலையின் அடிப்படைப் பாடம். இந்தப் பத்திரிகைகளைப் படிக்கிறவர்களுக்கு அது கைவந்தது. நிரல் எழுதுகிறவர்களுக்குப் பெரும்பாலும் வரவில்லை. தாலுகாவுக்கு இருபது கவிஞர்கள் உள்ள மொழியில், ஒரு கருவியை எப்படி நிறுத்தி எப்படி எழுப்புவது என்று பிழையின்றி ஒரு பக்கம் எழுத ஆள் தேடவேண்டியிருப்பது நம் உரைநடையின் குறைபாடு என்றே எனக்குத் தோன்றுகிறது.

எழுத்துருவின் கதையும் இதோடு சேர்ந்தது. ஒருங்குறி பரவுவதற்கு முன் அலுவலகங்களில் தமிழ் தட்டச்சு செய்யப்பட்டது ஏதாவதொரு எழுத்துருவின் சொந்தக் குறியேற்றத்தில். 1999ல் தாம், தாப் என்ற தரங்கள் வந்தன. இணையத்தில் தஸ்கி புழங்கியது. தமிழ்நாட்டரசு 2010ல் ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. இடைப்பட்ட காலத்தின் தமிழ்க் கோப்புகள் இன்றும் பல ஆபீஸ் வட்டுகளில் கிடக்கின்றன. எந்த எழுத்துருவில் அடித்தது என்று தெரிந்தால் ஒரு மாற்றியில் போட்டுச் சில நொடிகளில் மீட்டுவிடலாம். தெரியாவிட்டால் திரையில் வருவது ஆங்கில எழுத்துகளின் குப்பை. 'இந்தக் கோப்புகள் எல்லாம் வானவில்லில் அடித்தவை' என்ற ஐந்து சொற்களை யாராவது எழுதி வைத்திருக்கலாம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கர்ணத்தின் அந்தப் பழைய பின்னக் குறிகள் 2019 மார்ச்சில் வெளியான ஒருங்குறி 12.0ல் 'தமிழ் இணைப்பு' என்ற தனிப் பகுதியாக இடம்பெற்றன. மொத்தம் 51 குறிகள். மைஎஸ்க்யூஎல்லில் வெறும் 'யுடிஎஃப்8' என்று நெடுங்காலம் வழங்கியது ஓர் எழுத்துக்கு மூன்று பைட்டுகளை மட்டுமே ஏற்கும். அன்றாடத் தமிழெழுத்துகள் மூன்று பைட்டுகளில் அடங்குவதால் தொல்லை தெரியாது. இந்தப் பின்னக் குறிகளுக்கோ நான்கு பைட்டுகள் வேண்டும். ஒரு முந்திரிக் குறியை அத்தகைய அட்டவணையில் இட்டால், அமைப்பைப் பொறுத்து, அது பிழை காட்டும். அல்லது அந்த இடத்திலிருந்து மிச்ச வாக்கியத்தைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும். பழைய ஊர்க்கணக்குகளைத் தட்டச்சு செய்து சேமிக்க நினைக்கும் ஆய்வாளர் எவரும் இதை முன்கூட்டி அறிந்திருக்கவேண்டும். அறிவிப்பது யார்? மறுபடியும் அந்த எழுதப்படாத பக்கம்.

*

மறுப்புகள் மூன்று கேட்டிருக்கிறேன்.

முதலாவது, இப்போது எல்லாம் மேகத்துக்குப் போய்விட்டதே, மூலையில் கணினியே இல்லையே என்பது. உண்மை. மின்வெட்டும் எலி கடித்த கம்பியும் இனிக் கவலையில்லை. ஆனால் இடம் மாறியது இயந்திரம்தான், சாவி அல்ல. அந்தக் கணக்கு யாருடைய கைப்பேசி எண்ணில் பதிவாகியிருக்கிறது? உள்ளே நுழைய ஓ.டி.பி. யாருக்குப் போகிறது? போன மாதம் வேலையை விட்ட தம்பிக்கு. மூலையில் இருந்த கணினியையாவது தூக்கிக்கொண்டு இன்னொருவரிடம் போகலாம். மேகத்தை எங்கே தூக்கிப் போவது?

இரண்டாவது, எழுதி வைத்தால் திருட்டுக்கு வழி என்பது. கடவுச்சொல்லை எழுதி ஒட்டச் சொல்லவில்லை. பீரோச் சாவி எங்கே இருக்கிறது என்று வீட்டில் இருவருக்குத் தெரிவதில்லையா? அதுபோல, சாவி யாரிடம் என்பதை எழுதினால் போதும். சாவியை ஒட்டிய உறையிலிட்டு முதலாளியின் பெட்டியில் வைக்கலாம்.

மூன்றாவது, இனி செயற்கை அறிவே எல்லாவற்றையும் படித்துச் சொல்லிவிடும் என்பது. ஓர் அமைப்புக் கோப்பைக் கொடுத்தால் அது என்ன செய்கிறது என்று இன்றைய கருவிகள் தமிழிலேயே விளக்கிவிடும். பெரிய உதவிதான், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அந்தக் கோப்பில் ஏன் அப்படி எழுதப்பட்டது என்பது கோப்பில் இல்லை. இரண்டாவது காப்பு வட்டு முதலாளியின் மாமனார் வீட்டில் இருப்பதும், மார்ச் மாதக் கடைசி வாரத்தில் எதையும் புதுப்பிக்கக் கூடாது என்று ஆடிட்டர் சொல்லியிருப்பதும் எந்தக் கருவிக்கும் தெரியாது. மனிதர் எழுதினால்தான் உண்டு.

இது சிற்றூரின் வியாதி மட்டுமல்ல. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். ஐந்து வகைக் காப்பு ஏற்பாடுகள் இருந்தும் நம்பும்படி ஒன்றும் வேலை செய்யவில்லை. தற்செயலாக எடுத்து வைத்திருந்த ஒரு நகலிலிருந்து மீட்டார்கள், சுமார் ஆறு மணி நேரத் தரவு போயிற்று. ஆனால் நடந்ததை நடக்கும்போதே எல்லோரும் பார்க்கும்படி எழுதிக்கொண்டே போனார்கள். அந்தக் குறிப்பால் உலகம் முழுவதும் எத்தனையோ பேர் தங்கள் காப்பு நகலைச் சோதித்துப் பார்த்தார்கள். 2021 அக்டோபர் 4 அன்று பேஸ்புக் சுமார் ஆறு மணி நேரம் விழுந்தபோது, அதைச் சரிசெய்யப் பொறியாளர்கள் நம்பியிருந்த உள்கருவிகளும் சேர்ந்தே விழுந்தன. குறிப்பைச் சர்வருக்குள் மட்டும் வைத்தால் சர்வர் விழும்போது குறிப்பும் விழும் என்பது இதன் பாடம். விக்கியில் எழுதுங்கள், தப்பில்லை. கூடவே அச்சிட்டுச் சுவரில் ஒட்டுங்கள்.

*

இலக்கிய நண்பர்களுக்கு இதில் நேரடியான பங்கும் உண்டு. 2009 அக்டோபரில் ஜியோசிட்டீஸ் மூடப்பட்டபோது தமிழின் தொடக்ககால இணையப் பக்கங்கள் பல அதனோடு போயின. யாகூ குழுமங்களின் மடல்கள் 2019 டிசம்பரிலிருந்து அழிக்கப்பட்டு, 2020 டிசம்பரில் குழுமங்களே மூடப்பட்டன. அதில் எத்தனை விவாதங்கள், எத்தனை முதல் கதைகள்! அவற்றை மூடியது எங்கோ இருந்த ஒரு நிறுவனம். ஆனால் சிற்றிதழ்த் தளங்கள் மறைவதற்கு அவ்வளவு பெரிய காரணம்கூடத் தேவைப்படுவதில்லை. ஆண்டுதோறும் பெயர்ப் பதிவைத் தன் அட்டையில் புதுப்பித்துவந்த ஒரு நண்பர் ஊர் மாறுகிறார், அல்லது காலமாகிறார். அடுத்த ஆண்டு அந்த முகவரியில் சூதாட்ட விளம்பரம் வருகிறது. எழுத்து இருந்தது, ஆசை இருந்தது, பணமும் பெரிதில்லை. எங்கே, யார் பெயரில், என்றைக்குள் என்ற மூன்று வரிகள் மட்டும் யாரிடமும் இல்லை.

ஆகவே வேண்டுவது ஒரு பக்கம். சர்வர் எங்கே இருக்கிறது, யார் பெயரில் இருக்கிறது. எந்த வரிசையில் நிறுத்தி எந்த வரிசையில் எழுப்புவது. காப்பு நகல் எங்கெங்கே உள்ளது, அதைக் கடைசியாகத் திரும்ப ஏற்றிப் பார்த்த தேதி எது. எடுத்த தேதி அல்ல, ஏற்றிப் பார்த்த தேதி. எது எப்போது காலாவதியாகிறது. எழுத்து எந்தக் குறியேற்றத்தில் உள்ளது. சிக்கலானால் யாரை அழைப்பது, அவர் கிடைக்காவிட்டால் யாரை. அவ்வளவுதான். எழுதியபின், அந்த இயந்திரத்தை ஒருநாளும் தொட்டிராத ஒருவரிடம் கொடுத்துச் செய்து பார்க்கச் சொல்லவேண்டும். அவர் எங்கே தயங்குகிறாரோ அந்த வரியைத் திருத்தவேண்டும்.

எப்போது செய்வது என்பதற்கு எங்கள் ஊரில் ஒரு நாள் தயாராக இருக்கிறது. ஆயுதபூஜைக்கு லாரியைக் கழுவி, ரிக்குக்கு மாலை போட்டு, பட்டறையில் ஒவ்வொரு ஸ்பேனரையும் துடைத்து வைப்பார்கள். கணினிக்கும் சந்தனப்பொட்டு வைத்துப் பொரி படைப்பார்கள். ஆண்டுக்கொரு முறை கருவியைக் கையிலெடுத்துப் பார்த்து, தேய்ந்தது எது, மாற்றவேண்டியது எது என்று அறிவதற்காக முன்னோர் ஏற்படுத்திய நாளாகவே அதை நான் எடுத்துக்கொள்கிறேன். அன்று பொட்டு வைப்பதற்கு முன் அந்தப் பக்கத்தை எடுத்து, தேதியைத் திருத்தி, புதிதாக ஓர் அச்செடுத்து ஒட்டிவிடலாம். அரை மணி நேர வேலை.